போட்டோவில் ஒயர் தெரியக்கூடாது

என் தம்பி மதியழகனுக்கு மூளை இருக்கிறதா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். படித்தவன், ஓசூரில் கம்பெனி வேலை, சொந்தக் கார். இத்தனை இருந்தும் என் மகளின் காது மெஷினை, செல்போன் சார்ஜரைப் பிடுங்குவதுபோல ஒயரைப் பிடித்துப் பிடுங்கினான்.

வெண்மதிக்கு ஆறு வயது. பிறவியிலேயே காது கேட்காது. மூன்று வயதில் ஆபரேஷன் செய்து தலைக்குள் ஒரு கருவி வைத்தார்கள். வெளியே காதுக்குப் பின்னால் ஒரு மெஷின், அதிலிருந்து மெல்லிசாக ஒரு ஒயர், ஒயரின் நுனியில் காந்த வில்லை. அந்த வில்லை தலையில் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் அவளுக்குச் சத்தம். இல்லையென்றால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது.

ஆபரேஷன், பேச்சுப் பயிற்சி என்று தள்ளிக்கொண்டே போன காதுகுத்தை அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வைத்தோம், பென்னாகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் குலசாமி கோயிலில். மொட்டை அடித்து, சந்தனம் பூசி, தாய்மாமன் மதியழகன் மடியில் உட்கார வைத்தோம். வில்லை ஒட்டும் இடத்தை மட்டும் நன்றாகத் துடைத்துவிட்டு மெஷினை நானே மாட்டினேன். காது குத்தும்போது அம்மா குரலாவது பிள்ளைக்குக் கேட்கட்டுமே என்றுதான்.

முடி இருந்தவரை மறைந்திருந்த ஒயர், மொட்டைத் தலையில் பளிச்சென்று தெரிந்தது. போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார்.

“அக்கா, போட்டோல ஒயரு அசிங்கமா தெரியுது,” என்றான் மதியழகன். நான் “தொடாதடா” என்று கத்துவதற்குள் இழுத்துவிட்டான். வில்லை கையோடு வந்தது. மெஷினில் சொருகியிருக்கும் பிளக் பின்னை ஒட்டி ஒயர் பிய்ந்து தொங்கியது.

ஆசாரி காதைக் குத்தினார். வெண்மதி அலறினாள். “அவ்ளோதான் கண்ணு, முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு,” என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு சொல்கூட அவளுக்குப் போகவில்லை.

“அரை மணி நேரம் காது கேக்கலேன்னா என்னா ஆயிடப்போவுது? புதுசு வாங்கிக்கலாம்க்கா,” என்றான் தம்பி.

புதுசு! சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன். தேன் ஒழுகப் பேசினாள் ஒரு பெண். புது ஒயர் வர மூன்று வாரம் ஆகுமாம். அதுவரை வெளியாட்களிடம் கொடுத்துப் பிரிக்கக்கூடாதாம்.

“மூணு வாரம் எம் பொண்ணு என்னா பண்ணுவா?”

“சிரமத்துக்கு வருந்துகிறோம் மேடம்.”

வருந்துகிறார்களாம். மறுநாள் காலையில் எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வெண்மதியிடம் தலைமையாசிரியை பேசிப் பார்ப்பார். சொன்னதைக் கேட்டுத் திருப்பிச் சொன்னால் ஒன்றாம் வகுப்பில் இடம். இல்லையென்றால் சேலத்தில் ஹாஸ்டலில் விட்டு ஸ்பெஷல் ஸ்கூலில் சேர்த்துவிடுங்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டார். போன் போட்டு, வேறொரு நாள் வரட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். நாளையோடு அட்மிஷன் முடிகிறது, தள்ளிப்போட முடியாது என்றார். இன்னும் என் சேலையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிற பிள்ளையை ஹாஸ்டலில் விடுவதா?

என் வீட்டுக்காரர் பந்தியைக் கவனிக்க வேண்டுமாம். கவனிக்கட்டும். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கண்ணில் பட்ட ஆட்டோவில் ஏறிப் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். அங்கே இத்ரீஸ் பாயின் செல்போன் ரிப்பேர் கடை திறந்திருந்தது.

மெஷினைப் பார்த்ததும் அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“இதுல கை வெச்சதே இல்லிங்கம்மா. கெட்டுப்போச்சுன்னா?”

“இப்ப மட்டும் நல்லாவா இருக்குது? பண்ணுங்க பாய்.”

கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, பின்னைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைப் பிளேடால் செதுக்கினார். உள்ளே இரண்டு கம்பித் துணுக்குகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒயருக்குள் இருந்த கம்பியோ தலைமுடி கனம்தான். ஒட்டிய இடம் மறுபடி மடங்கி ஒடியாமலிருக்க, பழைய இயர்போன் ஒன்றின் ரப்பர்க் கழுத்தை வெட்டி எடுத்து வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கம்பிகளையும் பற்றவைத்தார். அப்பாடா என்று நிமிர்ந்தார். ரப்பர்க் கழுத்து மேஜைமேல் அப்படியே கிடந்தது.

“பாய், இதை மொதல்லயே ஒயர்ல கோத்திருக்கணும்ல?”

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பற்றவைத்ததைப் பிரித்தார். பிரிக்கும்போது ஒயர் நுனி இன்னும் கொஞ்சம் ஒடிந்தது. நான் கத்தினேன். பாவம், அந்த மனிதர் என்ன செய்வார்? எனக்கு அன்றைக்கு யாரிடமாவது கத்த வேண்டும், அவர் எதிரில் இருந்தார். ஒயரை மறுபடி சுரண்டி, ரப்பரைக் கோத்து, பற்றவைத்து, பசை தடவி, மேலே தையல் நூலைச் சுற்றினார். வெண்மதி ஸ்டூலில் உட்கார்ந்து எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெஷினை அவள் காதில் மாட்டி வில்லையை ஒட்டினார் பாய். சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது; பச்சை எரிந்தால்தான் அவளுக்குக் கேட்கும். அவர் பின்னை மெல்ல அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடை வாசலில் கார் வந்து நின்றது. மதியழகன் போனை நீட்டியபடியே உள்ளே வந்தான்.

“கோவிச்சுக்காதக்கா. போட்டோ சூப்பரா வந்திருக்குது பாரு. ஒண்ணுமே தெரியல.”

போட்டோவில் என் மகள் வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தாள். ஒயர் மட்டும் இல்லை.

ஒரு சொல்லை எங்கள் வீட்டுக்குள் நான் விட்டதே இல்லை. அதைச் சொன்னதற்காக என் நாத்தனாரோடு பேச்சு வார்த்தையே கிடையாது. அன்றைக்கு அது என் வாயிலிருந்தே வந்தது.

“என்னாடா தெரியக்கூடாது ஒனக்கு? எம் பொண்ணு செவிடுன்னு ஊருக்கே தெரியும்டா! செவிடு! நானே மறைக்கல, ஒனக்கு என்னாடா வெக்கம்?”

“அம்மா,” என்றார் பாய், எனக்குப் பின்னாலிருந்து. “பச்சை எரியுதும்மா.”

திரும்பினேன். வெண்மதி என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதிதாக ஒரு சொல் காதில் விழுந்தால் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்படித்தான் அவளைப் பழக்கியிருக்கிறேன்.

“செவிடு,” என்றாள். ஓர் எழுத்து பிசகவில்லை.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். வெண்மதி சிரித்தபடி என் கைகளைப் பார்த்தாள். சரியாகச் சொன்னால் நான் கைதட்டுவேன், ஒருநாளும் தட்டாமல் விட்டதில்லை.

தட்டினேன்.

அந்தச் சந்தோஷத்தில் அவள் இன்னொரு முறை சொன்னாள், இன்னும் சத்தமாக.