எலோடிக்கு மூண்டு மேடை

தர்மிளா வேலையை விட்டிட்டாள் எண்ட கதை எங்கடை தமிழ்க் கடையள் நிறைஞ்ச லா சப்பல் முழுக்கத் தெரியும். தர்மிளாவின்ரை தாய்க்கு மட்டும்தான் தெரியாது. சென் தெனியில ஒரு பெரிய பூரோவில, அதான் ஒபிசில, கண்ணாடிச் சுவருக்குள்ள இருந்து மற்றவைக்கு வெப்சைட் செய்து குடுத்துக்கொண்டிருந்த பிள்ளை. இனி ஒருத்தருக்குக் கீழையும் இருக்கமாட்டன், என்ரை பேரிலதான் செய்வன் எண்டு டெமிசியோன் கடிதம் எழுதிக் குடுத்திட்டு வந்திட்டாள். கெட்டிக்காரிதான், அதில ஒரு குறையும் சொல்லேலாது. ஆனா சொந்தமா வந்த வாடிக்கை எத்தினை எண்டு கேட்டா ஒண்டே ஒண்டு. ரூ லூயி-பிளாங் தெருவில கலியாணச் சாமான் கடை வைச்சிருக்கிற ஸ்ரீஸ்கந்தராசா.

அந்த ஒண்டும் லேசுப்பட்ட ஆள் இல்லை, பாருங்கோ. அவர் கடை வாசலில தேத்தண்ணிக் கோப்பையோடை நிண்டு ஒரு ஆளை நல்லது எண்டு சொன்னா, பின்னேரத்துக்குள்ள அந்த ஆள் ஊர் முழுக்க நல்லது. கூடாது எண்டு சொல்லிப்போட்டாரோ, அவ்வளவுதான், வேறை பட்டணம் பாத்துப் போகவேண்டியதுதான். அதால தர்மிளா அந்த வெப்சைட்டைத் தன்ரை கலியாணத்துக்குச் செய்யிறமாதிரிப் பாத்துப் பாத்துச் செய்தாள். கூறைச்சேலை, மாலை, மணவறை, மேடைச் சோடினை, எல்லாம் படத்தோடை. பிரெஞ்சு, இங்கிலீஷ், தமிழ் எண்டு மூண்டு மொழி. தமிழ்தான் அவளுக்குக் கொஞ்சம் இடிக்கும். தாய் தமிழில கேக்க பிரெஞ்சில மறுமொழி சொல்லி வளந்த பிள்ளையெல்லோ. அதால ஸ்ரீஸ்கந்தராசாவின்ரை மனுசி வள்ளிநாயகிக்கு ஒரு பாஸ்வேர்ட் குடுத்து, "அன்ரி, தமிழில பிழை கண்டா நீங்களே திருத்துங்கோ" எண்டு விட்டிட்டாள்.

வெப்சைட் திறந்து ஒரு கிழமை போகேல்லை, திங்கக்கிழமை விடிய ரெலிபோன்.

"பிள்ளை, என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறீர்?" ஸ்ரீஸ்கந்தராசாதான். "ஓல்னே-சூ-புவாவில ஒரு மனுசன். அந்தாளுக்கு ஒரு மகள். மகளுக்கு ஒரு கலியாணம். எங்களிட்டை மூண்டு மேடை புக் பண்ணிக் கிடக்கு. அதுவும் ஒரே சனிக்கிழமைக்கு!"

"மூண்டு மகளாக்கும், அங்கிள்."

"மூண்டு பேருக்கும் எலோடி எண்டே பேர் வைப்பினம்?"

தர்மிளா அந்தாளின்ரை நம்பரை வாங்கி ரெலிபோன் எடுத்தாள். சவிரிமுத்து எண்டு பேர், பாண்டிச்சேரி ஆள், அரசாங்க வேலை பாத்துப் பென்சன் எடுத்தவர். நல்ல மனுசன், கதைக்க மட்டும் தொடங்கினா நிப்பாட்டேலாது.

"என்னம்மா, நான் என்ன பைத்தியமா மூணு மேடை வைக்க? ஒண்ணு புக் பண்ணேன். பூ கலர் தப்பாப் போச்சு. வேணாம்னு சொல்லலாம்னு பார்த்தா, ரெண்டு பொத்தான் இருக்கு. ஒண்ணுல 'சரி'ன்னு எழுதியிருக்கு. இன்னொண்ணுல எழுத்தே இல்ல. எழுத்தில்லாத பொத்தானை நான் ஏம்மா தொடணும்? ஏதாச்சும் ஆகிப்போச்சுன்னா? அதான் எழுத்து இருந்ததை அமுக்குனேன்."

"ஐயா, அது 'சரி, புக் பண்ணுங்கோ' எண்டுற பட்டன்."

"நானும் சரின்னுதாம்மா அமுக்குனேன். சரி, வேணாம்னு."

"அப்ப மூண்டாந்தரம்?"

"ரெண்டாவதை வேணாம்னு சொல்றதுக்கு."

தர்மிளா ரெலிபோனைத் தூரப் பிடிச்சு ஒருக்கா மூச்சு விட்டிட்டு, "ஐயா, நீங்கள் பிரெஞ்சுப் பக்கத்தில பாத்திருக்கலாமே" எண்டாள்.

"காலம் பூரா ஆபீஸ்ல பிரெஞ்சுதான் படிச்சேன். பொண்ணு கல்யாணத்தையும் அதுல படிச்சா வேலைக்குப் போற மாதிரியே இருக்கும்மா."

தர்மிளா உடனை கம்ப்யூட்டரைத் திறந்து தமிழ்ப் பக்கத்தைப் பாத்தாள். மனுசன் சொன்னது உண்மைதான். சிவப்புப் பட்டன் மொட்டையாக் கிடக்கு. அதுமட்டுமே? கூடையில சாமான் ஒண்டும் இல்லாட்டி வாற வசனத்தையும் காணேல்லை. சேலை தீந்துபோனா வாற வசனத்தையும் காணேல்லை. பிரெஞ்சில எல்லாம் கிடக்கு, இங்கிலீஷிலயும் கிடக்கு, தமிழில மட்டும் பூச்சி அரிச்ச துணி மாதிரி அங்கை இஞ்சை ஓட்டை. தான்தான் போட மறந்துபோனன் எண்டு தலையில குட்டிக்கொண்டு, எல்லாத்தையும் திரும்ப எழுதிப் போட்டாள். பட்டனில எழுத்து வந்திட்டுது. நிம்மதியாப் படுத்தாள்.

அடுத்தநாள் மத்தியானம் பாத்தா திரும்பவும் மொட்டை!

பழைய பக்கத்தை எங்கையோ பிடிச்சு வைச்சுக் காட்டுது எண்டு அதைத் துடைச்சாள். எழுத்துருவிலை பிழையாக்கும் எண்டு அதை மாத்தினாள். வெப்சைட் வைச்சிருக்கிற கொம்பனிக்கு ரெலிபோன் அடிச்சுச் சண்டையும் பிடிச்சாள். அங்கை இருந்த பொடியன் மரியாதையா, "மதாம், எங்கடை பக்கத்தில எல்லாம் ஒழுங்கு" எண்டிட்டு வைச்சிட்டான். இரவு எழுதிவிட்டா இருக்கும், விடிஞ்சு கொஞ்ச நேரத்தில காணாமல் போகும். ஆரோ பால் குடிக்க வாற பூனை மாதிரி, அந்தச் சொல்லுகளை மட்டும் நக்கிப்போட்டுப் போகுது.

புதன்கிழமை ஸ்ரீஸ்கந்தராசா நேராச் சொல்லிப்போட்டார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பன் பிள்ளை. சரிவராட்டி லண்டனில என்ரை மருமோனிட்டைக் குடுத்திடுவன். ஆக்கள் கேட்டா நான் பொய் சொல்லமாட்டன், உள்ளதைத்தான் சொல்லுவன்."

உள்ளதைச் சொன்னா தர்மிளாவின்ரை கதை முடிஞ்சுது. பூரோக்காரரும் அவளின்ரை கதிரையில வேறை ஆளை இருத்தியாச்சு.

வெள்ளிக்கிழமை விடியவே லப்டொப்பையும் காவிக்கொண்டு கடைக்குப் போனாள். கடைக் கம்ப்யூட்டரில என்ன தெரியுது எண்டு கண்ணால பாக்கவேணும் அவளுக்கு. வள்ளிநாயகி சாமிப் படத்துக்கு விளக்குக் கொளுத்தி, ஊதுபத்தியும் காட்டிப்போட்டு, "வா பிள்ளை, இரு" எண்டு கதிரை தந்திட்டு, கம்ப்யூட்டரில கொஞ்ச நேரம் ஏதோ தட்டினா. உள்ளுக்க ஒரு குடும்பம் கூறைச்சேலை பாத்துக்கொண்டிருக்கினம். கலியாணப் பொம்பிளை, பொம்பிளையின்ரை தாய், எல்லாத்துக்கும் முகத்தைச் சுழிக்கிற ஒரு சித்தி. நல்லநாள் பாத்துச் சேலை எடுக்க வந்த சனம்.

தர்மிளா இதொண்டையும் கவனிக்கேல்லை. பட்டன் திரும்பவும் மொட்டை. அவளுக்கு அழுகை வாற கோவம். ஸ்ரீஸ்கந்தராசாவைக் கூப்பிட்டு, "அங்கிள், இண்டைக்குக் காணாமல் போனதை நான் வாசிக்கிறன், நீங்கள் உங்கடை ஸ்கிரீனில பாருங்கோ" எண்டு சொல்லி, பள்ளிக்கூடத்தில பாடம் ஒப்புவிக்கிறமாதிரி உரத்துத் தொடங்கினாள்.

"இல்லை! காலி! ரத்து! அழி! முடிந்துவிட்டது! தோல்வி!"

பொம்பிளையின்ரை தாய் கையில இருந்த சேலையைப் பாம்பைப் போட்ட மாதிரிப் போட்டா. சித்திக்காரி எழும்பி நிண்டு ஹாண்ட்பாக்கைத் தோளில மாட்டியாச்சு. "என்ன இது, கூறை எடுக்கிற இடத்தில?"

வள்ளிநாயகி பாய்ஞ்சு வந்து தர்மிளாவின்ரை வாயைக் கையால பொத்தினா. "சிவசிவா! வாயைக் கழுவு பிள்ளை! விளக்கு எரியுது! இஞ்சருங்கோ, உங்கை என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள், அவைக்குக் குளிரா ஏதும் எடுத்துக் குடுங்கோ!" பிறகு அந்தச் சனத்திட்டை ஓடி, "பிள்ளை இஞ்சை பிறந்தது, தமிழ் விளங்காது, பிரெஞ்சுப் பாட்டுப் பாடுது எண்டு நினையுங்கோ" எண்டு கெஞ்சி இருத்தினா.

தர்மிளாவின்ரை மூளைக்குள்ள ஒவ்வொண்டாப் போய்ப் பொருந்துது. காணாமல் போனதில ஒரு நல்ல சொல்லாவது இருக்கோ? வாங்கோ எண்டது அப்பிடியே கிடக்கு. வாழ்த்துக்கள் எண்டது கிடக்கு. சரி எண்டது கிடக்கு. விடியக் கடை திறந்து, விளக்குக் கொளுத்தினாப் பிறகுதான் களவு போகுது.

"அன்ரி," எண்டாள் மெல்ல. "நீங்களே அழிச்சனீங்கள்?"

வள்ளிநாயகி ஒரு மாலையை எடுத்து ஒழுங்காக் கிடந்ததை இன்னும் ஒழுங்காக்கினா. "பிழை கண்டா திருத்தச் சொன்னனி. நான் திருத்தினன். ஒவ்வொருநாளும் ஆரோ திரும்பவும் எழுதிவிடுகினம். இந்தக் கம்ப்யூட்டருக்குப் பேய் பிடிச்சிட்டுது எண்டு தேசிக்காயும் வெட்டினனான்."

"அந்தப் பேய் நான்தான் அன்ரி! இரவிரவா இருந்து எழுதினது நான்!"

ஸ்ரீஸ்கந்தராசா சோடாப் போத்தலோடை நிண்டு மனுசியைப் பாக்கிறார். "இஞ்சரும், நீரே? நான் இந்தப் பிள்ளையைப் போட்டு வறுத்தெடுக்கிறன்!"

"பின்னை என்ன? கலியாணத்துக்கு எண்டு ஆசையா வந்து பாக்கிற சனத்துக்கு முன்னால, கொட்டை எழுத்தில, சிவப்பில 'ரத்து' எண்டு போட்டா விளங்குமே? நான் இந்தக் கடையில ஒருநாளாவது இல்லை எண்டு சொன்னதைக் கேட்டிருக்கிறியளே? கடையைப் பூட்டுவம் எண்டும் சொல்லமாட்டன், கதவைச் சாத்துவம் எண்டுதான் சொல்லுவன்."

"அதால ஒரு எலோடிக்கு மூண்டு மேடை போட்டாச்சு," எண்டார் மனுசன்.

"சரி அன்ரி," எண்டாள் தர்மிளா. "ஆரும் நீலக் கூறை கேட்டு வந்து, அது உங்களிட்டை... அது உங்களிட்டைக் கிடையாட்டி என்ன சொல்லுவியள்?"

"வருது பிள்ளை எண்டுவன்."

தர்மிளா உடனை அதைத் தட்டினாள். சேலை தீந்த இடத்தில 'வருது, கொஞ்சம் பொறுங்கோ'. வெறுங்கூடைக்கு 'உங்கடை கூடை காத்துக்கொண்டிருக்கு'. வள்ளிநாயகிக்கு முகம் மலந்திட்டுது. ஆனா அந்தச் சிவப்புப் பட்டன் மட்டும் மசியேல்லை. 'வேறை நாள் பாப்பம்' எண்டு போடச் சொன்னா. தர்மிளா ரெலிபோனை ஸ்பீக்கரில போட்டு சவிரிமுத்துவைக் கேட்டாள்.

"தேதி மாத்துறதுக்கும்மா அது," எண்டார் அவர்.

"'பிறகு பாப்பம்' எண்டு போட்டா?"

"அது கடன்காரன்கிட்ட சொல்றது."

"'விட்டுவிடுவம்'?"

"யாரை? மாப்பிள்ளையையா?"

சேலை பாத்துக்கொண்டிருந்த பொம்பிளைக்குச் சிரிப்புத் தாங்கேலாமல் வந்திட்டுது. சித்திக்காரி அவளைக் கிள்ளினா.

தர்மிளா இரண்டு கையாலையும் தலையைப் பிடிச்சாள். இந்த ஒரு சொல்லிலை தன்ரை பிழைப்புப் போகப்போகுது எண்டு விளங்கிப்போச்சு. அப்பதான் அவளுக்கு ஒண்டு உறைச்சது. "அன்ரி, பிரெஞ்சுப் பக்கத்திலயும் இதெல்லாம் கிடக்குத்தானே. அதை நீங்கள் ஒருநாளும் தொடேல்லையே. ஏன்?"

"அது பிரெஞ்செல்லோ. அதில என்ன கிடக்கு?" எண்டா வள்ளிநாயகி. "போன கிழமையும் போகேலாமல் பல்லு டொக்டரின்ரை ரொந்தேவை அனுலே பண்ணினனான். அதுக்காகப் பல்லு விழுந்ததே?"

ரெலிபோனுக்குள்ளால சவிரிமுத்துதான் முதல் கதைச்சார். "அனுலேன்னே போடேம்மா. புக் பண்ணது வேணாம்னா அனுலேதானே, அது எல்லாருக்கும் புரியுமே."

தர்மிளா தமிழ் எழுத்தில 'அனுலே' எண்டு தட்டினாள். வள்ளிநாயகி கண்ணாடியைப் போட்டு, கிட்டப் போய்ப் பாத்து, எட்டப் போய்ப் பாத்து, "உது பரவாயில்லை. வடிவாக் கிடக்கு," எண்டா. சவிரிமுத்து ரெண்டு மேடையைத் தானே அனுலே பண்ணி, ஒவ்வொண்டுக்கும் "போச்சும்மா, போச்சு" எண்டு சத்தம் போட்டார். சேலைக் குடும்பம் கூறையும் எடுத்து, போற வழியில மேடைக்கும் சொல்லிவிட்டுது.

ஸ்ரீஸ்கந்தராசா தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அவ்வளவுதான். நல்லது சொல்லப்போறாரோ, கூடாது சொல்லப்போறாரோ எண்டு அந்தாளின்ரை முதுகைப் பாத்து ஆர் கண்டுபிடிக்கிறது?

பின்னேரம் லூயி பிளாங் மெற்றோப் படியில இறங்கேக்கை தெரியாத நம்பரில இருந்து அழைப்பு.

"தர்மிளாவே? நான் அரியரத்தினம் கதைக்கிறன் பிள்ளை, செத்தவீட்டு ஒழுங்கெல்லாம் செய்து குடுக்கிறனான். கலியாணக் கடை ராசா அண்ணை உம்மைப் பற்றிச் சொன்னவர், சொல்லு விசயத்தில விண்ணி, பெரிய கெட்டிக்காரி எண்டு. எங்களுக்கும் ஒரு வெப்சைட் கிடக்கு, வேறை ஆரோ செய்தது. அதிலை தமிழிலை ஒரு சின்னக் கரைச்சல்."

"என்ன காணேல்லை, அண்ணை?"

"காணாமல் போகேல்லை, கூடிப்போச்சு," எண்டார் அவர், குரலைத் தாழ்த்தி. "பெட்டிக்கு ஓடர் குடுத்து முடிய, 'வாழ்த்துக்கள், குடும்பத்தோடை மீண்டும் வருக' எண்டு வருது."

தர்மிளா படியிலயே இருந்திட்டாள். சிரிப்பை விழுங்கி, குரலைச் சரிப்பண்ணி, "அதை அனுலே பண்ணுவம் அண்ணை," எண்டாள். "நான் நாளைக்கே வாறன்."