படத்தில் விட்ட இடம்

விடியலில் ஆலைக்குள் நுழைந்ததும் முகத்தில் அறைவது ஈர மரத்தூள். அப்புறம் ரம்பத்தை ஓட்டும் பெல்ட்டின் உறுமல். அந்தப் பெல்ட் என் கூட்டாளி ஊர்ஹோவைச் சுருட்டிக் கொன்ற பிறகும் அவன் கையுறைகள் ஆணியில் தொங்கின, விரல்கள் மடங்கியபடி. அடிமரத்தை ரம்பத்துக்குத் தள்ளும்போதெல்லாம் அவன் இருமல் கேட்டது. எனக்குத்தான் கிறுக்கு என்று நினைத்தேன். ஆனால் பக்கத்தில் மரம் தள்ளும் ஹால்வோரும் திரும்பிப் பார்த்தான்.

அன்று ஆலை ஆட்களைப் படம் பிடிக்கும் நாள். முக்காலியில் காமிரா இடமிருந்து வலமாக மெல்லத் திரும்ப, நீண்ட வரிசை முழுதும் ஒரே படத்தில் விழும். வருஷா வருஷம் இடது கோடியில் நிற்பேன். காமிரா என்னைக் கடந்ததும் முதுகுப்புறமாக ஓடி வலது கோடியில் முளைப்பேன். அங்கே ஊர்ஹோ என் காலரைப் பிடித்து நிறுத்துவான். இந்தக் குள்ளனுக்கு உலகம் இரண்டு இடம் கொடுத்தது அந்தப் படங்களில் மட்டும்தான்.

முதலாளி கிராண்டால் தனியே கூப்பிட்டார்.

"ஏய் கோமாளி, இந்த வருஷம் நானே சொல்றேன், ஓடு. போய் அந்தச் செத்த பய இடத்துல நில்லு. நீங்க விடற சந்து பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு, மரம் வாங்க வர்றவன் ஏன்னு கேப்பான்."

"பெல்ட்டுக்கு மூடி போடறேன்னீங்களே, முதலாளி?"

"அது அப்புறம். ஓடலேன்னா நாளைக்கு வராதே."

ஹால்வோரிடம் சொன்னேன். "என்னைப் பேயா நிக்கச் சொல்றாருண்ணே." சிரிக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை.

புகையிலையைத் துப்பினான். "நீ மட்டும் எதுக்குடா தனியா ஓடறே?" பிறகு பக்கத்து ஆளின் காதில் குனிந்தான். பேச்சு வரிசை நெடுகப் போயிற்று.

காமிரா என்னைக் கடந்தது. ஓடினேன். பின்னால் தடதடவென்று பூட்ஸ்கள். காமிரா கடந்துவிட்ட ஒவ்வொருவனும் ஓடிவந்தான்.

"நிறுத்துய்யா அதை!" முதலாளி கத்தினார்.

"பாதியில நிறுத்தினா படமே போயிடும், ஐயா," என்றார் படக்காரர்.

ஊர்ஹோவின் இடத்தைக் காலியாக விட்டு, சுற்றி நெருக்கி நின்றோம். ஹால்வோர் அந்த வெறுமையின் தோளில் கைபோட்டான். மறுபக்கம் நான்; ஊர்ஹோ பாவி நெட்டையன், எக்கித்தான் கைபோட வேண்டியிருந்தது.

மறுநாள் விடியலில் முதலாளி வாசலை மறித்து நின்றார், கையில் படம். ஓடிவந்த எல்லோரும் அதில் இரண்டு தடவை விழுந்திருந்தோம். ஊர்ஹோ ஒரு தடவைகூட இல்லை. ஆனால் எங்கள் இரு கைகளும் அந்தரத்தில் தொங்கவில்லை. எதன் மேலோ சாய்ந்திருந்தன.

"கோமாளி, நீ வீட்டுக்குப் போ!"

"எந்த நான், முதலாளி? இடது கோடியா, வலது கோடியா?"

ஹால்வோர் முன்னால் வந்தான். "அவன் போனா நாங்க அத்தனை பேரும் போறோம். மூடி மாட்டுங்க, உள்ளே வர்றோம்."

ஆலை விசில் ஒலித்தது. ஒருவரும் நகரவில்லை. ஓடாத பெல்ட்டின் பக்கமிருந்து ஓர் இருமல் கேட்டது. இந்த முறை எல்லோரும் திரும்பினோம். பிறகு, ஊர்ஹோவுக்கும் ஓர் இடம் விட்டு, தோளோடு தோள் நின்றோம்.