எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்

என் மாமனார் அப்துல் கையூமுக்கு இரண்டு பெருமைகள் உண்டு. திண்டுக்கல்லில் ஆயில் எஞ்சின் விற்கிற கடைகளிலேயே எல்லாக் கம்பெனி எஞ்சினுக்கும் புத்தகம் வைத்திருப்பது தன் கடை ஒன்றுதான் என்பது முதல் பெருமை. அந்தப் புத்தகங்களுக்குப் போட்டிருக்கும் அட்டை இரண்டாவது பெருமை. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் முதலாவதைக் கெடுத்தது என்பேன்.

எஞ்சின் வாங்கினால் கம்பெனிக்காரன் கூடவே ஓர் இங்கிலீஷ் புத்தகம் கொடுப்பான். எப்படிப் பூட்டுவது, எப்படிக் கழற்றுவது, எது தேய்ந்தால் எதை மாற்றுவது என்று எல்லாம் அதில் இருக்கும். விவசாயிகள் அதைக் கடையிலேயே விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அப்படிப் பதினைந்து வருஷத்தில் முந்நூறுக்கு மேல் சேர்ந்துவிட்டது. மாமாவின் மச்சான் ஜமால் முகமது பேகம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப் வைத்திருந்தார். நல்ல ஆட்டுத்தோல் சும்மா கிடக்கிறது, எல்லாவற்றையும் பைண்டு பண்ணிவிடலாம் என்று யோசனை சொன்னவர் அவர்தான். பைண்டு செய்த ஆளுக்கு இங்கிலீஷ் தெரியாது. புத்தகங்களை உயரப்படி அடுக்கினான். ஒரே உயரமாக இருந்ததை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துத் தைத்தான். இருபத்தேழு தடிப் புத்தகங்கள் ஆயின. முதுகில் ஒன்று முதல் இருபத்தேழு வரை தங்க எழுத்தில் நம்பர். கண்ணாடி பீரோவில் அடுக்கியதும், கடைக்கு வந்தவர்கள் எல்லாம் இது கடையா, கோர்ட்டா என்று கேட்டார்கள். மாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு விஷயத்தைத் தேடிக் கண்டுபிடித்தவர் யாரும் இல்லை. ஒரே எஞ்சினுடைய பெரிய புத்தகம் நாலாம் நம்பரில் இருக்கும், பாகங்களின் பட்டியல் பத்தொன்பதில் இருக்கும், பிறகு வந்த சின்னப் புத்தகம் இருபத்தாறில் இருக்கும். மெக்கானிக் வேலுசாமி அரை நாள் புரட்டிப் பார்ப்பான். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, தன் மனசுக்குப் பட்டதைச் செய்வான்.

1961இல் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தேன். கடைக்குப் பின்கட்டுதான் வீடு. நடுவில் ஒரு கதவு, அதில் ஒரு திரை. என் வீட்டுக்காரர் சரக்கு எடுக்க மதராஸ், கோயம்புத்தூர் என்று பாதி நாள் வெளியூரில் இருப்பார். என் அத்தா கொடைரோடு ஸ்டேஷனில் கூட்ஸ் கிளார்க். என்னை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தவர். எனக்குக் கோபம் சட்டென்று வரும். வேலுசாமி எண்ணெய்க் கையோடு பக்கம் பக்கமாகப் புரட்டி அழுக்காக்குவதைத் திரை இடுக்கில் பார்த்த அன்று எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, எது எங்கே இருக்குன்னு நான் எழுதித் தாரேன்" என்றேன்.

"ஏம்மா, எஞ்சினைக் கண்ணால பாத்திருக்கியா நீ?" என்று சிரித்தார். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கடைப்பக்கம் பெண்கள் வருகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதனால் புத்தகங்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. தோல் கட்டுகளில் மாட்டுகிற அட்டைச் சீட்டுகளை ஜமால் மாமாவிடம் வாங்கிக்கொண்டேன். ஒரு சீட்டுக்கு ஒரு பாகத்தின் பெயர். அதன் கீழே எந்த எஞ்சின், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம். ஒவ்வொரு தடிப் புத்தகத்துக்கும் ஒன்றிலிருந்து தொடங்கிப் பக்க நம்பரையும் நானே போட்டேன். ஏழு மாதத்தில் ஆயிரத்து நானூறு சீட்டுகள், நாலு பிஸ்கட் டின்கள் நிறைய. டீசலைப் பீய்ச்சுகிற நாசில் கறுப்பா வெள்ளையா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் நாசில் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பல புத்தகங்களில் கோளாறுகள் என்று ஒரு பட்டியல் இருந்தது. ஏற்கெனவே சீட்டு எழுதிய பாகங்கள்தான் அதிலும் வந்தன. சொன்னதையே திரும்பச் சொல்கிறான் என்று அதைத் தள்ளிவிட்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த புத்தி அவ்வளவுதான்.

அறுபத்து மூன்றாம் வருஷம், பொங்கல் கழிந்து பத்து நாள் இருக்கும். கன்னிவாடியிலிருந்து ஒச்சம்மாள் வந்தாள். நாற்பது வயசு இருக்கும். ஒன்றரை ஏக்கரில் சின்ன வெங்காயம் போட்டிருந்தாள். கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது, இறைக்க எஞ்சின் ஓடவில்லை. யாரோ வைத்திருந்து விற்ற பழைய ஜெர்மன் எஞ்சின். வேலுசாமி இரண்டு தடவை போய் வந்துவிட்டான். ஃபில்டரை மாற்றினான், பம்பைக் கழுவினான். அவன் பஸ் ஏறுகிற வரைக்கும் ஓடிய எஞ்சின் அப்புறம் பழையபடி ஆகிவிட்டது.

"காய் திரள்ற நேரம் பாய். அஞ்சு நாளா தண்ணி இல்லை. நாளைக்குள்ள பாயலைன்னா அம்புட்டும் வெந்து போகும்" என்று அவள் சொன்னது திரைக்குப் பின்னால் எனக்குக் கேட்டது.

"நாசில் மேல சந்தேகமா இருக்கு மொதலாளி. இல்லைன்னா பம்பு" என்றான் வேலுசாமி.

என் டின்களுக்கு வந்த முதல் பெரிய சோதனை. ஜெர்மன் எஞ்சினுக்குரிய சீட்டுகளை எல்லாம் பொறுக்கி எடுத்துத் திரை வழியே நீட்டினேன். மாமா எண்ணிப் பார்த்தார்.

"நாப்பத்தோரு பாகம் இருக்கு. இதுல எது கெட்டுப்போச்சுன்னு எந்தச் சீட்டும்மா சொல்லும்?"

பாகத்தின் பெயர் தெரிந்தவனுக்குத்தான் என் சீட்டு வழிகாட்டும். பெயர் தெரிந்துவிட்டால் பிறகு தேடுவானேன்? ஏழு மாதம் உட்கார்ந்து நானும் அந்த பைண்டுக்காரன் செய்ததைத்தான் செய்திருக்கிறேன் என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது.

"சீட்டை எல்லாம் தோல் ஷாப்புக்கே திருப்பி அனுப்பிரலாம்" என்று மாமா முணுமுணுத்தார்.

ஒச்சம்மாள் குடிக்கத் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தாள். பெண்பிள்ளை என்பதால் அவளுக்குத் திரை தடையில்லை. செம்பை வாங்கியவள் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அந்த எஞ்சின் என்னதான் பண்ணுது?" என்று கேட்டேன்.

"அதை யாரு தாயி கேட்டாக? அதுவா இதுவான்னு வாயில நொழையாத பேராச் சொல்லிக் கேக்குறாக. எனக்கு என்ன தெரியும்?" செம்பைக் கீழே வைத்தாள். "காலையில சுத்திவிட்டா ஜோராத்தான் ஓடுது. நான் போயி மடையைத் திருப்பிட்டு வாரதுக்குள்ள மூச்சு முட்டி, விக்கி விக்கி நின்னுருது. கோவத்துல உக்காந்து ஒரு வெத்தலையப் போட்டுட்டு மறுபடி சுத்துனா ஓடுது. மறுபடி மூச்சு முட்டுது. பகல் பூராம் இதே கூத்துதான்."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பாகத்தின் பெயர் ஒன்றுதான் அதில் இல்லை. நான் தள்ளிவிட்ட கோளாறுப் பட்டியல் அப்போதுதான் ஞாபகம் வந்தது. நல்லவேளை, இருபத்தேழையும் புரட்ட வேண்டியதில்லை. ஜெர்மன் எஞ்சின் நாலு, பத்தொன்பது, இருபத்தாறு என்ற மூன்றில்தான் இருக்கிறது என்று என் சீட்டுகளே சொல்லின. மூன்றையும் கேட்டு வாங்கினேன். நாலில் பட்டியல் இல்லை, பத்தொன்பதிலும் இல்லை. இருபத்தாறில் நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தில் இருந்தது. எஞ்சின் எளிதில் கிளம்பும், சில நிமிஷம் ஓடி நிற்கும், சற்று நேரம் விட்டால் மீண்டும் கிளம்பும். எதிரே காரணம்: டீசல் டாங்கின் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கும்.

"அக்கா, டீசல் ஊத்துற மூடியில சின்னதா ஓட்டை ஏதும் இருக்கா?"

"இருந்துச்சோ என்னமோ. இப்ப பெயிண்டுல்ல அடிச்சிருக்கு."

"பெயிண்டா?"

"மாட்டுப் பொங்கலுக்குத்தான். கொம்புக்கு அடிச்சது போகப் பச்சைப் பெயிண்டு மிச்சம் கெடந்துச்சு. கமலையில தண்ணி இறைச்ச மாடு செஞ்ச வேலையை இப்ப இதுதானே செய்யுது, இதுக்கு மட்டும் வேணாமான்னு அடிச்சுவிட்டோம். மூடிக்கு ரெண்டு கோட்டு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முக்காட்டில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். அந்த ஓட்டையில் குத்தி அடைப்பை எடுக்கச் சொன்னேன். கடையில் வேலுசாமி, "ஊக்கை வச்சு எஞ்சின் ரிப்பேரா?" என்று சத்தமாகவே சிரித்தான். மாமா சிரிக்கவில்லை, ஆனால் நம்பவும் இல்லை. ஒச்சம்மாள் ஊக்கை மாராப்பில் குத்திக்கொண்டு மத்தியான பஸ்ஸுக்கு ஓடினாள்.

அடுத்த நாள் ஒரு தகவலும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. துளை காரணமாக இல்லாமல் போனால் அந்த ஒன்றரை ஏக்கரை வேக வைத்தவள் நான்தான் என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் கொல்லைக் கதவு தட்டப்பட்டது. ஒச்சம்மாள் நின்றாள். கணுக்கால் வரை சேறு காய்ந்திருந்தது.

"வர நேரமில்லை தாயி. ரெண்டு நாளா நிறுத்தாம ஓட்டுனேன். காடு பூராம் நனைஞ்சிருச்சு, வெங்காயம் நிமிந்துருச்சு" என்றாள். பிறகு பின்னால் நின்ற இரண்டு பெண்களைக் காட்டினாள். "இவுக வீட்டு எஞ்சினும் மக்கர் பண்ணுதாம். இங்கதான் என்ன பண்ணுதுன்னு கேப்பாகன்னு கூட்டிட்டு வந்தேன்."

அன்றைக்கே புதுச் சீட்டு ஒன்றை எடுத்தேன். பாகத்தின் பெயர் எழுதவில்லை. 'மூச்சு முட்டி நிற்கிறது, விட்டால் ஓடுகிறது' என்று தமிழில் எழுதி, கீழே 26, பக்கம் 113 என்று போட்டேன். அதன் பிறகு தினமும் கோளாறுப் பட்டியல்களோடுதான் உட்கார்ந்தேன். சரியான வார்த்தை கிடைக்காதபோது கொல்லைப் பக்கம் வருகிற பெண்களிடம் கேட்டு எழுதினேன். கறுப்பாகப் புகைகிறது, உதைக்கிறது, இருமுகிறது என்று ஐந்தாவது டின் நிறையத் தொடங்கியது.

மாசி கடைசியில் ஒருநாள் நத்தம் பக்கத்து விவசாயி ஒருவர் கடைக்கு வந்திருந்தார். வேலுசாமி வழக்கம்போல, "நாசிலா, பம்பா?" என்று ஆரம்பித்தான்.

"ஏலே, செத்த நேரம் சும்மா இரு" என்று மாமாவின் குரல் கேட்டது. "அய்யா, நீங்க சொல்லுங்க. எஞ்சின் என்ன பண்ணுது?"

அவர் சொல்லி முடித்ததும் மாமா எழுந்து வருகிற சத்தம். திரைக்கு அந்தப் பக்கம் நின்று தொண்டையைச் செருமினார்.

"ஆரிபா, 'இருமுது'ன்னு ஒரு சீட்டு போட்டிருக்கியாம்மா?"

"போட்டிருக்கேன் மாமா" என்றேன். கண் கலங்கியதால் நம்பரைப் படிக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. "பதினொண்ணாம் புத்தகம், நாப்பத்தெட்டாம் பக்கம்."

கண்ணாடி பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. மாமாவே எடுத்து வேலுசாமியிடம் கொடுத்தார்.