சூடேறிய சுண்டல்

கப்பலூர்ப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் நான் தற்காலிக அறிவியல் ஆசிரியை. வரும் திங்கட்கிழமை தலைமை ஆசிரியை எஸ்தர் என் வகுப்பில் வந்து உட்காருவார். பாடம் நடத்துவதைப் பார்த்துவிட்டு, வேலை நிரந்தரமா, மூட்டை கட்டுவதா என்று சொல்வார்.

பாடம், செல் சுவாசம். வெள்ளிக்கிழமையே இரண்டு பிளாஸ்க் தயார் செய்து வைத்தேன். ஒன்றில் முளைகட்டிய பாசிப்பயறு, மற்றதில் வேக வைத்தது. வாயில் பஞ்சு, நடுவில் வெப்பமானி. உயிருள்ள பயறு காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு சர்க்கரையை உடைத்து ஆற்றல் எடுக்கும். அதில் ஒரு பங்கு சூடாக வெளியேறும். வெந்த பயறு செத்த பயறு, சும்மா கிடக்கும். முளைகட்டியதை நானே நிரப்பினேன். வேக வைத்து நிரப்பும் வேலையை ஆய்வக உதவியாளர் பாண்டீஸ்வரி அக்காவிடம் விட்டேன்.

திங்கட்கிழமை எஸ்தர் கடைசி பெஞ்சில் அமர்ந்தார்.

"எது சூடா இருக்கும்?"

"முளைச்சதுதான் டீச்சர்!" கூரை அதிர்ந்தது.

சத்யப்ரியா எழுந்து வந்து வெப்பமானிகளைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். "டீச்சர், வெந்ததுதான் ரொம்பச் சூடா இருக்கு."

வகுப்பு சிரித்தது. எஸ்தர் சிரிக்கவில்லை. பஞ்சைப் பிடுங்கினேன். மாதாவே! ஊசிப்போன நாற்றம் முன் பெஞ்சு வரை அடித்தது. உள்ளே தேங்காய்த் துருவல்.

"அக்கா, இதுல என்ன போட்டீங்க?"

வாசலில் நின்ற பாண்டீஸ்வரி அக்கா முந்தானையைத் திருகினார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வெறும் பயறா வைக்க மனசு வரல டீச்சர். இம்புட்டு வெல்லமும் தேங்காயும் போட்டேன். பாடம் முடிஞ்சா பிள்ளைக தின்னுமேன்னுதான்..."

கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது: பயறு செத்தது சரி, அதைத் தின்ன வந்தது சாகவில்லையே!

"பிள்ளைகளா, இந்தப் பயறுக்கு உயிரில்ல. ஆனா கண்ணுக்குத் தெரியாத கிருமிக கோடிக்கணக்குல இதுல குடியேறிருச்சு. வெல்லத்தத் தின்னு, பஞ்சு வழியா வர்ற காத்துல மூச்சு விட்டிருக்கு. முளைச்ச பயறு செய்யுற அதே வேலைதான். அம்புட்டுச் சூடும் அதனாலதான்."

"அப்ப நாங்க டீச்சர்?" என்றாள் சத்யப்ரியா.

"நெத்தியத் தொட்டுப் பாரு."

வகுப்பே நெற்றியைத் தொட்டது. கடைசி பெஞ்சில் எஸ்தரும் தொட்டார்.

பிறகு மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு எழுந்தார். "வேலை உங்களுக்குத்தான் ஜோசபின் டீச்சர். மொதல்ல அந்தச் சுண்டலக் கொண்டுபோய்க் கொட்டுங்க."

பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஓடினேன். கீழே போய்ச் சேரும்போது மூச்சு இரைத்தது. இரைக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் ஓடினேன்.