அவரே ஆமா என்றார்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஒரு மருத்துவமனையில், எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் டாக்டர் ஒருவர், "அவரே ஒத்துக்கிட்டாரேம்மா" என்றார். பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தவர் எதை ஒத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணின் முகம் மட்டும் தெரிந்தது. மீதியை நான் கட்டுகிறேன்.

(கோபத்தோடு எழுதக்கூடாது, ஆறவிட்டு எழுத வேண்டும் என்பார்கள். விட்டுப் பார்த்தேன். ஆறவில்லை.)

2

தொடக்கங்கள்.

"பேசியே கோர்ட்டைக் கட்டிப்போட்ட வக்கீல், ஒரு நாள் காலையில் —"

வேண்டாம். பேச்சைத் தொழிலாகக் கொண்டவனிடமிருந்து பேச்சைப் பிடுங்குவது எழுதுபவனுக்கு வசதி. வியாதி அப்படி ஆள் பார்த்து வருவதில்லை.

"மூளையின் இடப்பாதிக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயை ஒரு ரத்தக்கட்டி அடைத்தபோது —"

உண்மை. ஆனால் இதில் ஆளே இல்லை.

சரி. அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அதிகம் பேசமாட்டார். மனைவிக்கு லாண்டரிக் கடையில் கவுன்டர் வேலை. வீட்டில் இரண்டு பேருக்குமான பேச்சை அவளே பேசிவிடுவாள். ஒரு நாள் காலையில் அவர் கையிலிருந்து பல் பிரஷ் விழுந்தது. வாயின் வலப்பக்கம் தொங்கியது. என்ன ஆச்சு என்று அவள் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அதில் அவளுக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. பிரஷ் கிடந்த இடத்தைப் பார்த்த பிறகுதான் அலறினாள்.

3

டாக்டர் பரிசோதித்தார். பேனாவைக் காட்டி இது என்ன என்றார். பதில் இல்லை. கண்ணை மூடச் சொன்னார். மூடவில்லை, டாக்டர் தன் கண்ணை மூடிக் காட்டியதும் மூடினார். ஜன்னல் எங்கே என்றதற்கு டாக்டரையே பார்த்தார். எழுதியதைப் படிக்க முடியவில்லை. வலது கை விழுந்துவிட்டது, இடது கையில் பேனாவைக் கொடுத்தால் கோடு மட்டும் வந்தது. பேச, புரிந்துகொள்ள, படிக்க, எழுத: நான்கும் சேர்ந்து அடிவாங்கினால் அதற்குப் பெயர் முழுப் பேச்சிழப்பு.*

* மூளைக்கட்டி, தலைக்காயம், மூளைக்காய்ச்சல் இவற்றாலும் வரும். பெரும்பாலும் பக்கவாதத்தால். பேச்சு போவதாலேயே அறிவும் போய்விடுவதில்லை. இந்த வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட முடியுமா என்று பதிப்பாளரிடம் கேட்டேன். அடிக்குறிப்புக்கு ஒரு அளவுதான் என்றார்.

ஒரே ஒரு சொல் மிஞ்சியது. "ஆமா." சோறு வேண்டுமா, ஆமா. வலிக்கிறதா, ஆமா. தொண்டையில் தடம் பதிந்துபோன சொல். வாயைத் திறந்தால் அதுதான் வரும். இப்படி ஒன்று மிஞ்சுவது இந்த நோயில் வழக்கம் என்று பேச்சுப் பயிற்சி தரும் பெண் சொன்னாள். சிலருக்குக் கெட்ட வார்த்தை மிஞ்சுமாம்.

அவருக்கும் அது மிஞ்சியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

4

அவருடைய அண்ணனை வில்லனாக எழுதிவிட்டேன். அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

அண்ணன் நல்லவர். தம்பியைத் தோளில் சுமந்து மாடி ஏற்றியவர். இடுப்பு பிடித்துக்கொண்டு படுத்தவர். அவள் வேலைக்குப் போனால் தம்பியை யார் பார்ப்பது என்று கேட்டார், நியாயமான கேள்விதான். ஒரு பராமரிப்பு இல்லம் பார்த்து வைத்தார். சுத்தமான இடம். பேச்சுப் பயிற்சி மட்டும் கிடையாது. அங்கே எதற்குப் பேச வேண்டும்?

டாக்டர் அறையில், எல்லோர் முன்னாலும், தம்பியின் கையைப் பிடித்துக் கேட்டார்.

"டேய், நல்லா பாத்துக்குவாங்கடா. அங்க போறியா?"

"ஆமா."

அண்ணன் அழுதுவிட்டார். டாக்டர் அவளைப் பார்த்து, "அவரே ஒத்துக்கிட்டாரேம்மா" என்றார்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வியாதியைக் கண்டுபிடித்ததே இந்த மனிதர்தான். ஜன்னல் எங்கே என்று கேட்டுத் தெரியாமல்போனதைப் பார்த்தவரும் இவர்தான். மற்ற எல்லாக் கேள்வியிலும் நோயாளியாக இருந்தவர், வசதியான ஒரு கேள்விக்கு மட்டும் சாட்சி ஆகிவிட்டாரா?

அவள் அவர் எதிரே போய் நின்றாள்.

"என்னங்க, நீங்க ஒரு லாரியா?"

"ஆமா."

"உங்க அண்ணன் செத்துட்டாரா?"

"ஆமா."

அண்ணனின் அழுகை நின்றது. "என்னம்மா பேச்சு இது" என்றார்.

"உங்க தம்பி பேச்சுதான் அத்தான். நீங்க நம்புற பேச்சு."

ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன். டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "பாருங்க, அவருக்கு எதுவும் புரியலைன்னு நீங்களே காட்டிட்டீங்க. அப்போ அண்ணன் முடிவெடுக்கிறதுதானே சரி?"

ஆமா என்றால் சம்மதம். அந்த ஆமா சம்மதம் இல்லை என்றால் அவருக்கு மனசே இல்லை. எந்தப் பக்கம் போனாலும் அதே இல்லம்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை நாற்காலிப் பிடியை இறுக்கியிருந்தது.

[இந்த இடத்தில் அவர் மனதுக்குள் நினைத்ததாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். "நான் உள்ளேதான் இருக்கிறேன்" என்று தொடங்கும். நல்ல தமிழ். படித்துப் பார்த்தபோது அண்ணன் செய்ததையே நானும் செய்திருந்தேன்: அவர் வாயில் எனக்குப் பிடித்ததைத் திணித்திருந்தேன். கிழித்துப் போட்டேன். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது.]

5

"அவர் வாயக் கேக்காதீங்க" என்றாள் மனைவி டாக்டரிடம். "கையக் கேளுங்க."

பயிற்சிப் பெண் சில வாரங்களாகப் படங்களை வைத்துத்தான் பழக்கி வந்தாள். இந்த நோய்க்கு மாத்திரை போட்டு மறுநாள் பேசவைக்கும் வைத்தியம் கிடையாது. முதல் மாதங்களில் மூளையின் வீக்கம் வடியும், கொஞ்சம் திரும்பும். பல பேருக்குப் பேச்சைவிடப் புரிதல் முதலில் வரும். சைகை, படம், பாட்டு, எது பிடி கொடுக்கிறதோ அதைப் பிடித்து ஏற வேண்டும். எல்லாவற்றுக்கும் முதல் மருந்து, எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது. அதுதான் எங்கும் கிடைப்பதில்லை என்று பயிற்சிப் பெண் சிரித்தாள்.

அடுத்த முறை டாக்டர் மேசையில் இரண்டு புகைப்படங்களை வைத்தார்கள். இடப்பக்கம் அவர் வீட்டுக் கதவு. வலப்பக்கம் இல்லத்தின் வாசல். இல்லத்தை நேரில் கூட்டிப்போய்க் காட்டியிருந்தார்கள். எங்கே இருக்க விருப்பம் என்று பயிற்சிப் பெண் கேட்டாள். தோளைத் தொட்டு, படங்களைச் சுட்டி, கேட்டாள்.

"ஆமா" என்றார். யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. வெகு நேரம் கழித்து இடது கை எழுந்து வீட்டின் மேல் விழுந்தது.

"பக்கத்துல இருந்ததத் தொட்டான்" என்றார் அண்ணன்.

"இருக்கலாம்" என்றாள் பயிற்சிப் பெண், நேர்மையாக. படங்களை இடம் மாற்றினாள். இப்போது வீடு வலப்பக்கம். தொட வேண்டுமானால் இடது கை உடம்பைத் தாண்டிப் போக வேண்டும்.

மறுபடி கேட்டாள். கை எழுந்தது. மேசைக்கு நடுவில் நின்றது.

6

முடிவுகள்.

(அ) அவர் "வீடு" என்று சொல்கிறார். பொய். வேண்டுமானால் சினிமாவுக்குப் போங்கள்.

(ஆ) கை தாண்டிப் போய் வீட்டைத் தொடுகிறது. நீங்கள் கை தட்டுவீர்கள்.

(இ) கை பக்கத்தில் இருக்கும் இல்லத்தின் மேல் விழுகிறது. பாவம், அண்ணன் சொன்னதும் சரிதானே என்று உச்சுக்கொட்டுவீர்கள். கை வலித்ததா, கண்ணுக்கு வலப்பக்கம் மங்கலா, மனைவிக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று —

(மறுபடி திணிக்கிறேன். நிறுத்துகிறேன்.)

(ஆ)வை எழுதத்தான் எனக்கும் ஆசை. எழுதமாட்டேன். எழுதினால், அவர் பாஸானதால் வீட்டுக்குப் போனார் என்றாகும். டாக்டர் மாலையில் தன் வீட்டுக்குப் போக எந்தப் படத்தையும் தொட்டுக் காட்டவில்லை. அண்ணனும் இல்லை. நானும் இல்லை. இந்த அறையில் ஒருவருக்கு மட்டும் பரீட்சை.

அண்ணன் பொறுமை இழந்து, "சொல்லுடா" என்கிறார். டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவள் இரண்டு பேரையும் பார்க்கிறாள். வாய் நிறையப் பேச்சு இருக்கிறது. பேசவில்லை.

முடிவு எங்கே என்று கேட்கிறீர்கள். கை இன்னும் மேசைக்கு மேல்தான் இருக்கிறது. நீங்களும் கொஞ்சம் சும்மா இருங்கள்.