இருபது பிரசவம்

இருபது பிரசவம் பார்த்திருந்தால்தான் மருத்துவச்சி பரீட்சைக்கு உட்கார விடுவார்கள். நான் பார்த்தது இருபத்திமூன்று. பரீட்சை ஆபீஸ் குமாஸ்தா முருகையன் பிரசவங்களைப் பதிந்துவைக்கும் கேஸ் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "லூயிசாங்கிற பேர்ல எட்டுதாம்மா கீது" என்றார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "நல்லா பாருங்க சார், இன்னொரு தபா எண்ணுங்க."

எண்ணினார். எட்டுதான். மீதிப் பதினைந்தும் வேம்பு பேரில் ஏறி, அவளுக்குச் சரியாக இருபது ஆகியிருந்தது. வேம்பு எங்கள் டாக்டரம்மாவின் அக்கா மகள். அவளும் இந்த வருஷம்தான் பரீட்சை எழுதுகிறாள்.

"ஏப்ரல் மாசம், கச்சேரி ரோடு, ரெட்டைப் பிள்ளை. அது யார் பேர்ல கீது?"

"வேம்பு."

அந்த ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மயிலாப்பூரே பெட்டி கட்டிக்கொண்டு ஓடியது. வேம்பு முதல் ரயிலிலேயே கும்பகோணம் போய்ச் சேர்ந்தாள். ஓட முடியாத நிறைமாதக்காரிகளுக்காக நின்றது எங்கள் டாக்டரம்மா காமாக்ஷியும் நானும்தான். அந்த இரட்டையில் இரண்டாவதற்குக் கால் முன்னே வந்தது. "உன் கை சின்னது, நீயே பாரு" என்று டாக்டரம்மா விலகிக்கொண்டார். நான்தான் எடுத்தேன்.

சாந்தோம் குப்பத்தில் மீன்கூடை தூக்கிக்கொண்டிருந்த என்னைக் கூட்டிவந்து படிக்க வைத்த மகராசி அவர். தன் வீட்டார் முகம் சுளித்தபோதும் பக்கத்தில் உட்காரவைத்தே பாடம் சொன்னார். "உங்க ஜனத்துல மொத ஆளா நீ வரணும்" என்று வாய் ஓயாமல் சொல்வார். அவர் எழுதும் கேஸ் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. எனக்குத் தமிழ்தான் படிக்க வரும். ஒவ்வொரு பிரசவம் முடிந்ததும் "உன் பேர்ல எழுதிட்டேன்டி" என்பார். பெற்ற தாய் சொல்லியிருந்தால்கூட ஒரு தரம் சந்தேகப்பட்டிருப்பேன்.

எழும்பூர் பரீட்சை ஆபீஸிலிருந்து மயிலாப்பூர் டாக்டரம்மா வீட்டுக்கு நடந்தே வந்தேன். கூடத்தில் டாக்டரம்மாவும் வேம்புவும் இருந்தார்கள்.

"என் பதினஞ்சு எங்கம்மா?"

அவர் மறைக்கக்கூட இல்லை.

"கத்தாதே. இவ ஆம்படையானைப் பறிகொடுத்துட்டு வந்து நிக்கறா. ஒரு வேலை கிடைச்சாத்தான் கரையேறுவா. அஞ்சு பிரசவத்துக்கே ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தாளே, இன்னும் பதினஞ்சு எப்படிப் பார்ப்பா? உனக்குக் கைராசி இருக்கு, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீயும் பாஸ் பண்ணிண்டு போயிட்டா எனக்கு யாருடி இருக்கா?" என்றார்.

என் மேல் பாசமாம். அந்தப் பாசத்தில் தீயை வைக்க என்று தோன்றியது.

அப்போது வாசலில் குதிரைவண்டி நின்றது. பக்கத்து லஸ் பகுதியிலிருந்து ஒரு பெரியவர் மூச்சு வாங்க ஓடிவந்தார். "டாக்டரம்மா, எம்பொண்ணுக்கு நேத்துலேந்து வலி. கொழந்தை எறங்கவே இல்லே."

"வேம்பம்மாவை இட்டுக்கினு போங்க," என்றேன். "இருபது பிரசவம் பாத்த கையாச்சே!"

வேம்பு தலைகுனிந்து தரையைப் பார்த்தாள். பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டரம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அவசரமே இல்லாமல்.

வாய்தான் அப்படிச் சொன்னது. நேற்றிலிருந்து வலி என்று காதில் விழுந்தபோதே என் கை பிரசவப் பையை எடுத்துவிட்டிருந்தது. நான் போவேன் என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும். அது தெரிந்துதான் பேரை மாற்றி எழுதியிருக்கிறார்.