எழிலுக்குக் கிடைத்த பட்டம்

ஒரே அர்த்தம் சொல்லும் நாலு ஆங்கில வார்த்தைகளைக் கொடுத்தால், எது எந்த இடத்தில் உட்காரும் என்று சுகிர்தாவுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தெரிதல்தான் வினையானது. பாதி ஆங்கிலம் தெரிந்தவர்களால் இப்படி ஒரு காரியத்தைச் செய்திருக்கவே முடியாது.

சாத்தூர்ப் பக்கம் ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில் அவள் ஐந்தாம் வகுப்பு டீச்சர். பெற்றோர் தினத்துக்கு முந்தின வாரம் கரெஸ்பாண்டென்ட் ஒரு புது யோசனையோடு வந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஆங்கிலத்தில் ஒரு பட்டம். ஒரே வார்த்தை, பெயருக்கு முன்னால் வர வேண்டும். வண்ண அட்டையில் எழுதிச் சட்டையில் குத்திவிட வேண்டும். ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. வெடிக்கு வெடி பெயர் மாற்றி வைக்கிற பட்டாசு ஊரில் இருந்துகொண்டு அவர் வேறெப்படி யோசிப்பார்?

பட்டாசு ஆலை முதலாளி வீட்டு அருள்பாண்டிக்கு 'பிரில்லியன்ட்' போனது. அடுத்தடுத்து 'இன்டெலிஜென்ட்', 'கிளவர்', 'ஸ்மார்ட்' எல்லாம் எங்கெங்கே போக வேண்டுமோ அங்கே போயின. நல்லாப் படிக்காத பணக்காரப் பிள்ளைக்கு 'எனர்ஜெட்டிக்' என்று எழுதினாள். அதிலெல்லாம் அவளுக்கு நல்ல கைப்பழக்கம் உண்டு.

எழிலின் பெயர் வந்தபோதுதான் கை நின்றது. முருகம்மாள் தாயில்பட்டியில் பட்டாசு ஆலைக்குப் போகிறவள், சங்கிலிமுத்து சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறவன். அவர்களுடைய மகள் எழில். மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் உட்கார்வாள். முதல் மதிப்பெண்ணும் கிடையாது, கடைசியும் கிடையாது. கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் இருக்கிற இடம் தெரியாது. சுகிர்தா அவளை இந்த வருஷம் எத்தனை முறை கேட்டிருப்பாள் என்பது வேறு விஷயம்.

'ஆவரேஜ்' என்ற வார்த்தைதான் முதலில் வந்தது. அடுத்து 'டல்'. இரண்டையும் எழுத முடியாது. போன பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது சங்கிலிமுத்து பள்ளிக்கூட டைரியின் அட்டையைத் தடவிப் பார்த்து, "பிரிண்டு ஆவரேஜ்தான் டீச்சர். கலரு டல்லடிக்கி. எங்ககிட்டக் கொடுத்திருந்தா பளிச்சுன்னு அடிச்சிருப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனான். பிரஸ்காரனுக்கு அந்த இரண்டு வார்த்தையும் தினசரிப் புழக்கம். எழுதினால் மறுநாளே வாசலில் வந்து நிற்பான்.

'மீடியாக்கர்' என்று எழுதினாள். சொல்லப்போனால் 'ஆவரேஜை' விட இது ஒருபடி கேவலம், அதில் ஓர் இளக்காரம் இருக்கிறது. ஆனால் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். யார் வீட்டில் போய் யார் அகராதியைப் புரட்டப் போகிறார்கள்? அட்டைகளைப் பார்வையிட்ட கரெஸ்பாண்டென்ட் கூட அதில் கொஞ்சம் நின்று, "பெரிய வார்த்தையா இருக்கே, நல்லது" என்று தலையாட்டினார். சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து சங்கிலிமுத்து பள்ளிக்கூட வாசலில் பத்திரிகையோடு நின்றான். எழிலின் தம்பி செழியனுக்கு இருக்கன்குடி கோயிலில் மொட்டையெடுத்துக் காது குத்துகிறார்கள்.

"நீங்க கட்டாயம் வரணும் டீச்சர். எங்க புள்ளைக்குப் பட்டம் கொடுத்தவுக."

அப்போதே ஏதாவது சாக்கு சொல்லியிருக்கலாம். மரியாதையாகக் கூப்பிட்டால் போய்விடுகிற பழக்கம் அவளுக்கு.

கோயிலுக்குப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த மண்டபம். வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். ஆளுயரத்துக்கு மேல் ஒரு பேனர். சொந்தக்காரப் பிள்ளைகளின் படங்கள் வரிசையாக இருந்தன. அந்தப் பக்கத்து வழக்கப்படி ஆளுக்கொரு பட்டம்: 'அஞ்சா நெஞ்சன்', 'குட்டிச் சிங்கம்', 'எங்கள் குலவிளக்கு'. நடுவில் மொட்டை போடப்போகிற செழியன். அவனுக்கு இணையாக எழில். அவள் தலைக்கு மேல் தங்க நிறத்தில், பெரிய ஆங்கில எழுத்தில், மீடியாக்கர். தாம்பூலப் பையிலும் அதுவே இருந்தது.

பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்த சங்கிலிமுத்துவைச் சுகிர்தா தனியாகக் கூப்பிட்டாள்.

"அந்த பேனரை... அந்த இங்கிலீஷ் வார்த்தை வேண்டாமே. கோயில் விசேஷத்துல எதுக்கு? கழட்டிரலாமே."

"என்ன டீச்சர் இப்பிடிச் சொல்லிட்டீக!" அவன் முகம் சுருங்கிப்போனது. "எங்க சொந்தத்துல எவன் புள்ளைக்கு இங்கிலீஷ்ல பட்டம் இருக்கு? மத்ததெல்லாம் நாங்களா வச்சுக்கிட்டது. இது படிச்சவுக பார்த்துக் கொடுத்தது. எளுத்துல தப்பு இருக்கா?"

"இல்ல."

"இருக்காது. நீங்க எளுதுன அட்டையவே பக்கத்துல வச்சு ஒவ்வொரு எளுத்தாச் சரிபார்த்தேன். பிரஸ்ல அப்பிடித்தான் டீச்சர். இந்தி லேபிள் வரும், தெலுங்கு வரும், எங்களுக்கு என்ன தெரியும்? எளுத்து சரியா இருக்கணும், அது எங்க பொறுப்பு. அர்த்தம் எளுதிக் கொடுத்தவுக பொறுப்பு."

குத்திக் காட்டுகிற எண்ணம் அவனிடம் துளியும் இல்லை. தொழில் முறையைச் சொன்னான், அவ்வளவுதான். சுகிர்தாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேசாமல் கிளம்பிவிடலாம் என்று செருப்பைத் தேடினாள். அதற்குள் காது குத்தி முடிந்து, குழந்தை வீறிட்டு ஓய்ந்து, சங்கிலிமுத்து மைக்கைக் கையில் எடுத்துவிட்டான்.

"எல்லாரும் வந்ததுல இருந்து கேட்டுக்கிட்டே இருக்கீக, எளில் பேருக்கு முன்னால என்னத்தலே போட்டிருக்கேன்னு. பட்டம் கொடுத்த டீச்சரே வந்திருக்காக. அர்த்தத்தை அவுக வாயால கேளுங்க!"

மைக் கைக்கு வந்துவிட்டது. மண்டபமே அவளைப் பார்த்தது. மேடை ஓரத்தில் முருகம்மாள் புதுச்சேலையில் வாயெல்லாம் பல்லாக நின்றாள். பக்கத்தில் பட்டுப்பாவாடையில் எழில். அந்தப் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி சுகிர்தாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உண்மையைச் சொன்னால் இந்த மனுஷன் சொந்தக்காரர்கள் முன்னால் தலையெடுக்க முடியாது. பொய் சொன்னால் இந்த வார்த்தையை வாழ்நாளெல்லாம் சுமந்துகொண்டு திரிவான். இரண்டுமே அவள் செய்த வேலை.

"எத்தனை பேர் இருந்தாலும்..." மைக்கை வாய்க்கு நெருக்கிக்கொண்டாள். "எத்தனை பேர் கூட்டத்துல இருந்தாலும், தனியாத் தெரியிற பிள்ளைன்னு அர்த்தம்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. யாரோ விசில் அடித்தார்கள். முருகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கண்ணீரைப் பார்த்ததும் சுகிர்தாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. படித்த படிப்பு, ஆங்கிலத்துக்கு வாங்கிய மெடல், எல்லாமே அந்த நிமிஷம் அசிங்கமாக இருந்தது. மைக்கை யார் கையில் கொடுத்தோம் என்று கூடத் தெரியவில்லை.

பந்தியில் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். இலையில் கறிக்குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. எழில் தண்ணீர்ச் செம்போடு வந்து தம்ளரை நிரப்பினாள். நிரப்பியும் போகாமல் நின்றாள்.

"மிஸ், தேங்க்ஸ்."

"எதுக்கும்மா?"

"நீங்க சரியான அர்த்தத்தைச் சொல்லிருவீகளோன்னு பயந்துட்டேன்."

சுகிர்தாவின் கை இலையிலேயே நின்றது.

"அட்டை கொடுத்த அன்னைக்கே அப்பா செல்லுல பார்த்துட்டேன் மிஸ். அப்பா என்ன அர்த்தம்னு கேட்டாக. சூப்பர்னு அர்த்தம்னு சொல்லிட்டேன். இப்பிடி பேனர்ல போடுவாகன்னு எனக்குத் தெரியாது."

இரண்டு மாதம் இந்தப் பிள்ளை மூன்றாவது பெஞ்சில் தன் எதிரே அதை மனசில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தினமும் எழுந்து குட்மார்னிங் சொல்லியிருக்கிறது.

"அவசரத்துல எழுதிட்டேம்மா. யோசிக்காம எழுதிட்டேன். மன்னிச்சிரு."

எழில் செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். கோபமாக இருந்திருந்தால் தேவலை. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"அவசரத்துல எளுதுனா ஆவரேஜ்னுதான மிஸ் வரும்? அதுதான ஈசி. அப்பாவுக்கு அந்த வார்த்தை தெரியும்னுதான் இதைப் போட்டீகளா?"

பக்கத்து இலையில் யாரோ ரசம் கேட்டார்கள். இன்னொரு பொய் சுகிர்தாவின் நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"ஆமா" என்றாள்.

எழில் தலையை ஆட்டிக்கொண்டாள். தெரிந்ததுதான் என்பதுபோல இருந்தது. பிறகு பந்தியின் அந்தக் கோடியைப் பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்தாள்.

"மிஸ், கண்ணைத் தொடைங்க. அப்பா வர்றாக. பேனருக்கு முன்னால நிக்க வச்சு உங்களையும் என்னையும் போட்டோ எடுக்கணும்னு காலைல இருந்து சொல்லிக்கிட்டு இருக்காக. சிரிச்சிருங்க மிஸ்."

சங்கிலிமுத்து செல்லை நீட்டிக்கொண்டு வந்தான். சுகிர்தா கை கழுவிவிட்டு, போய் நின்று, சிரித்தாள்.